மினுக்கம் எங்கிருந்து வருது? காக்காப்பொன்னிலிருந்து பவுடர் கோட்டிங் வரை

இந்த எபிசோடில் ராஜா கிடையாது, போர் கிடையாது. இன்னைக்கு மினுக்கத்தைப் பத்திப் பேசப்போறோம். ஒரு பொருள் தங்கம் மாதிரி, வெள்ளி மாதிரி, முத்து மாதிரி மின்னணும்னு மனுஷங்க காலங்காலமா என்னென்ன செஞ்சாங்க, அதுக்கு யார் என்ன விலை கொடுத்தாங்க என்பதுதான் கதை.

இந்தக் கதைக்கு நான் எடுத்துக்கிட்ட ஊர் திருவண்ணாமலை. காரணம் இருக்கு. மின்னுற பொருள்களின் எல்லா வகையும் அங்கே ஒரே தெருவில் கிடைக்கும். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் சுவாமி வெள்ளி ரிஷப வாகனத்தில் வருவார், ஆறாம் நாள் வெள்ளித் தேர் வரும். அதெல்லாம் நிஜ வெள்ளி. மரத்தின் மேல் தகடாகப் போர்த்தியது. கொஞ்சம் தலையைத் திருப்பினா, மாட வீதியில் ஒரு கடையின் ஷட்டரில் சில்வர் பெயிண்ட். அடுத்த லாட்ஜின் மாடிப்படிக் கைப்பிடியில் 'ஆன்டிக் கோல்ட்' பவுடர் கோட்டிங். பார்க்கிங்கில் நிக்கிற காரில் முத்து வெள்ளை. நாலும் மின்னுது. ஆனா நாலும் நாலு வெவ்வேறு காரணத்தால் மின்னுது.

தகடு, பாதரசம், மூச்சு

முதலில் பழைய வழியிலிருந்து ஆரம்பிப்போம். தங்கத்தை அடிச்சு அடிச்சு ரேக்காக்கி ஒட்டுவது. தஞ்சாவூர் ஓவியத்தில் நீங்க பார்க்கிறது அதுதான். பெரிய அளவில் பார்க்கணும்னா, சிதம்பரம் கோயில் கூரைக்குப் பொன் வேய்ந்தவன் என்ற புகழ் முதலாம் பராந்தகச் சோழனுக்கு உண்டு. நம்ம காலத்தில், திருவண்ணாமலைக்கு வடக்கே வேலூர் பக்கத்தில் ஸ்ரீபுரம் பொற்கோயில் 2007இல் திறக்கப்பட்டது. செப்புத் தகட்டின் மேல் தங்க ரேக்கை அடுக்கடுக்காக ஒட்டியிருக்காங்க. சுமார் 1,500 கிலோ தங்கம் என்று சொல்லப்படுது.

இன்னொரு பழைய வழி, பாதரச முறை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைச்சு, கூழ் மாதிரி ஆக்கி, செம்பின் மேல் தடவி, நெருப்பில் காட்டுவாங்க. பாதரசம் ஆவியாகிப் போயிடும், தங்கம் மட்டும் ஒட்டிக்கும். நேர்த்தியான மெருகு வரும், பல தலைமுறைக்கு நிக்கும். ஆனா அந்த ஆவி எங்கே போகும்? வேலை செய்யறவரோட நுரையீரலுக்குள்ள. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் செயின்ட் ஐசக் பேராலயம்னு ஒன்று இருக்கு. 19ஆம் நூற்றாண்டில் அதன் குவிமாடத்துக்கு இப்படித்தான் முலாம் பூசினாங்க. அந்த வேலையில் 60 தொழிலாளர்கள் இறந்ததாகச் சொல்லப்படுது.

இதை மனசில் வெச்சுக்கங்க. மினுக்கத்தின் வரலாற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் ரெண்டு கேள்வி வரும். எப்படி மலிவாக்குறது? அந்த மலிவுக்கு யார் மூச்சு போகுது?

தூளின் ரகசியம்

தகடு செலவு. அதனால் தூள். ஆனா உலோகத்தைச் சும்மா அரைச்சா மின்னாது. இதைக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டவர் ஹென்றி பெஸ்ஸெமர். ஆமா, பள்ளிக்கூடத்தில் எஃகு தயாரிப்புப் பாடத்தில் வர்ற அதே பெஸ்ஸெமர்தான்.

1840களின் தொடக்கம், லண்டன். பெஸ்ஸெமரின் அக்கா தான் வரைந்த பூ ஓவியங்களை ஒரு கோப்பில் சேர்த்து வெச்சிருந்தாங்க. அந்த அட்டைக்குத் தங்க நிறத்தில் எழுத்து வேணும்னு தம்பிகிட்ட கேட்டாங்க. அவர் கடைக்குப் போய்த் தங்கத் தூள் வாங்கினார். அதில் தங்கம் துளியும் இல்லை, வெறும் பித்தளைத் தூள். ஆனா ஒரு அவுன்ஸ் விலை 7 ஷில்லிங். பித்தளை அவ்வளவு விலை இல்லையேன்னு அவருக்கு உறுத்துச்சு. ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கத்துப் பட்டறைகளில் கையாலேயே அடிச்சு, அரைச்சு அனுப்பறாங்க, அதனால்தான் இந்த விலை என்பது தெரிஞ்சது.

மெஷினில் செய்வோம்னு இறங்கினார். முதல் முயற்சியில் தூள் வந்துச்சு, மினுக்கம் வரலை. மைக்ராஸ்கோப்பில் வெச்சுப் பார்த்தப்பதான் புரிஞ்சது: நியூரம்பெர்க் தூள் தட்டையான செதில் செதிலா இருந்துச்சு, இவரோடது சுருண்ட துணுக்குகளா இருந்துச்சு. பித்தளை ஒண்ணுதான், வடிவம்தான் வேற. தட்டையான செதில் மேற்பரப்புக்கு இணையா படுத்துக்கிட்டா ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஒளி ஒரே திசையில் திரும்பும். சுருண்ட துணுக்கு ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். கண்ணுக்கு வெறும் பழுப்பு.

அவர் மறுபடி மெஷின் செஞ்சார், ஜெயிச்சார். ஆனா காப்புரிமை வாங்கலை. வாங்கினா முறையை வெளியே சொல்லணும் இல்லையா? மெஷின் பாகங்களை வெவ்வேறு ஊர்ப் பட்டறைகளில் தனித்தனியா செய்ய வெச்சு, தொழிற்சாலைக்குள் மனைவியின் சகோதரர்களை மட்டும் வேலைக்கு வெச்சு, பல பத்தாண்டுகள் ரகசியத்தைக் காப்பாத்தினார். அந்த லாபம்தான் அவரோட ஆராய்ச்சிகளுக்கு முதலா அமைஞ்சது. 1856இல் அவர் அறிவிச்ச எஃகு முறை உலகத்தையே மாத்திச்சு. நியூரம்பெர்க் பக்கம் கையால் அடிச்சுக்கிட்டிருந்தவங்க பிழைப்பு என்ன ஆகும் என்பது அவர் கணக்கில் வரலை.

இந்தப் பித்தளைத் தூள்தான் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதாரண கோல்டு பெயிண்டுக்கும் அடிப்படை. புதுசா அடிச்ச கேட்டில் வேல் முனை ஜொலிக்கும். ஒண்ணு ரெண்டு மழைக்காலம் போனா கறுத்து, பச்சையாகிடும். அதில் இருக்கிற செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து செய்யற வேலை அது.

கையில் ஒட்டுற வெள்ளி

அடுத்து அலுமினியம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலுமினியம் மலிவானதும், வெள்ளிக்குப் பதிலா அதைத் தூளாக்க ஆரம்பிச்சாங்க. இதில் ஒரு ஆபத்து இருக்கு. அலுமினியத் தூள் காற்றில் பறந்தா, ஒரு பொறி போதும், வெடிக்கும். பட்டாசில் வெள்ளை ஒளி தர்றதே அதுதான். உலர்ந்த நிலையில் இடிச்சுத் தூளாக்கின தொழிற்சாலைகளில் வெடி விபத்துகள் நடந்தன.

1920களில் அமெரிக்காவில் எவரெட் ஹால் என்பவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். அலுமினியத்தை எண்ணெய் மாதிரியான கரைப்பானில் நனைச்சு, எஃகுக் குண்டுகளோடு சேர்த்து உருளையில் உருட்டுவது. கூடவே ஸ்டியரிக் அமிலம், அதாவது கொழுப்பிலிருந்து வர்ற ஒரு மெழுகுப் பொருள். தூள் பறக்காது, செதில்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்காது. இந்த முறை வந்த பிறகு சில்வர் பெயிண்ட் பாதுகாப்பா, பெரிய அளவில் தயாரிக்கக்கூடிய சரக்கா மாறிச்சு.

அந்த ஸ்டியரிக் அமிலம் இன்னொரு வேலையும் செய்யும். செதில்களைப் பெயிண்டின் மேல்பரப்பில் மிதக்க வைக்கும். மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு, ஏறக்குறைய உலோகத் தகடு மாதிரியே தெரியும். ஆனா மேலேயே இருக்கிறதால தேய்ச்சா வந்துடும். பஸ் ஸ்டாண்டு கம்பியைப் பிடிச்சுட்டுக் கையைப் பார்த்தா சாம்பல் கலர் ஒட்டியிருக்கும் இல்லையா? அதுதான் இது.

முத்தும் மீனும்

இப்போ முத்து. தூத்துக்குடி முத்துக்கு உலகப் பெருமை உண்டு. முத்து ஏன் அப்படி மின்னுது? அதில் உலோகம் கிடையாது, கண்ணாடி மாதிரி பளபளப்பும் கிடையாது. மெல்லிய, ஒளி ஊடுருவுற அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு. கொஞ்சம் ஒளி மேலடுக்கில் திரும்பும், கொஞ்சம் உள்ளே போய்க் கீழடுக்கில் திரும்பும். திரும்பி வர்ற ரெண்டும் சேரும்போது சில நிறம் கூடும், சில நிறம் அழியும். சோப்புக் குமிழியில் வானவில் தெரியறதும் இதே கணக்குதான்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜெபமாலை செய்யற ஜாக்கன் என்பவர், ஆற்றில் கிடைக்கிற ஒரு சின்ன வெள்ளி மீனின் செதிலைக் கழுவின தண்ணீரில் அந்த மினுக்கத்தைக் கண்டார். அதை வடிச்செடுத்து, உள்ளே காலியான கண்ணாடி மணிக்குள் பூசி, போலி முத்து செஞ்சார். கொஞ்சூண்டு பசைக்கு ஆயிரக்கணக்கான மீன் தேவைப்பட்டுச்சு. 20ஆம் நூற்றாண்டில் மீனுக்குப் பதிலா ஈயக் கலவை வந்துச்சு. மலிவுதான், ஆனா ஈயம் விஷம்.

1963இல் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் வாங்கின காப்புரிமைதான் பெரிய திருப்பம். மைக்கா செதிலை எடுத்து, அதன் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிசா பூசறது. அந்தப் பூச்சின் தடிமன் சில பத்து நானோமீட்டர் கூடினாலே வெள்ளி நிறம் பொன்னாகும், பிறகு சிவப்பாகும், நீலமாகும், பச்சையாகும். சாயமே சேர்க்கலை, தடிமனை மட்டும் மாத்தினாங்க. டைட்டானியத்துக்குப் பதிலா இரும்பு ஆக்சைடு பூசினா செம்பு, வெண்கல நிறங்கள் வரும். ஏற்கெனவே ஆக்சைடா இருக்கிறதால இது கறுக்காது, விஷமும் இல்லை. கார் பெயிண்ட், லிப்ஸ்டிக், போன் கவர், லாட்ஜ் கைப்பிடி, எல்லாத்திலேயும் இன்னைக்கு மினுங்கறது பெரும்பாலும் இதன் வாரிசுகள்தான்.

மைக்கான்னா என்ன? நம்ம பாட்டிமார் சொல்ற காக்காப்பொன். சித்த மருத்துவத்தில் அப்பிரகம். மண்ணில் அடுக்கடுக்கா உரியற, மினுங்கற அந்தக் கல்லேதான்.

காக்காப்பொன்னைத் தோண்டறது யார்?

கதையில் நான் நிறுத்திப் பேச விரும்பற இடம் இது. உலக மைக்கா வரலாற்றில் இந்தியா ரொம்பப் பெரிய பெயர். பழைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தின் கூடூர் பகுதியும், இன்றைய ஜார்க்கண்ட், பீகார் பகுதிகளும் அதன் மையங்கள். இரண்டாம் உலகப் போரில் ரேடியோவுக்கும் விமான இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குக்கும் மின்காப்பா இந்திய மைக்கா தேவைப்பட்டுச்சு.

போருக்குப் பிறகு செயற்கை மின்காப்புப் பொருள்கள் வந்தன. தகடா உரிக்கற பெரிய மைக்காவுக்கு மவுசு குறைஞ்சது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் ஜார்க்கண்டில் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனா மினுக்கத் தொழிலுக்குப் பெரிய தகடு தேவையே இல்லை, துணுக்கு போதும். கைவிட்ட குழிகளில் மக்கள் குடும்பத்தோடு இறங்கித் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. குழந்தைகளும் சேர்ந்துதான். 2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வு, ரெண்டே மாசத்தில் ஏழு குழந்தைகள் இந்தச் சட்டவிரோதச் சுரங்கங்களில் இறந்ததையும், அந்த மரணங்கள் மூடி மறைக்கப்பட்டதையும் வெளியே கொண்டு வந்துச்சு. 2017இல் மைக்கா வாங்கற நிறுவனங்கள் சேர்ந்து 'ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்' என்ற அமைப்பைத் தொடங்கினாங்க. சிலர் ஆய்வகத்தில் தயாரிக்கிற செயற்கை மைக்காவுக்கு மாறினாங்க.

இதில் எளிய தீர்வு இல்லை. மைக்காவே வாங்க மாட்டோம்னு எல்லாரும் ஒதுங்கினா, அந்தக் குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே வருமானமும் போயிடும். சட்டபூர்வமான சுரங்கம், நியாயமான கூலி, பக்கத்தில் பள்ளிக்கூடம், மூணும் சேர்ந்து வந்தாதான் குழந்தைகள் குழியிலிருந்து வெளியே வருவாங்க.

தூளைச் சுடறது

சரி, இந்தச் செதில்கள் பவுடர் கோட்டிங்குக்குள் எப்படி வந்துச்சு? பவுடர் கோட்டிங்குன்னா கரைப்பானே இல்லாத பெயிண்ட். பிளாஸ்டிக் பிசின் தூளை உலோகத்தில் படிய வெச்சு, அடுப்பில் உருக்கறது. 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் தொடங்கி வெச்சார். அவர் சூடான பொருளை, காற்றால் மிதக்கற தூளுக்குள் முக்கினார். 1960களில் மின்னேற்றத் துப்பாக்கி வந்துச்சு. தூளுக்கு மின்னேற்றம், பொருளுக்கு எர்த். தூள் தானா போய் ஒட்டிக்கும். பிறகு ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரியில் 10, 15 நிமிஷம் சுட்டா கெட்டியான தோல்.

இதில் கரைப்பான் ஆவி இல்லை. பெயிண்டரோட மூச்சுக்கு இது உண்மையான முன்னேற்றம். ஆனா தூசி இருக்கு. மாஸ்க்கும், தூளை இழுக்கிற பூத்தும் இல்லாம அடிச்சா அந்த முன்னேற்றம் பாதிதான்.

மெட்டாலிக் வந்தப்போ பழைய பிரச்சினை புது உருவத்தில் வந்துச்சு: செதில் உடையக் கூடாது, தட்டையா படுக்கணும். பவுடர் தயாரிப்பில் பிசினை உருக்கி, பிசைஞ்சு, அரைப்பாங்க. செதிலை அப்பவே சேர்த்தா நொறுங்கிடும். அதனால் கடைசியில் உலர்வா கலந்தாங்க. அப்போ இன்னொரு தலைவலி. உலோகச் செதில் ஒரு மாதிரி மின்னேறும், பிசின் வேற மாதிரி. துப்பாக்கியிலிருந்து கிளம்பினதும் ரெண்டும் பிரியும். ஓரம் ஒரு கலர், நடு ஒரு கலர். கீழே விழுந்த தூளை அள்ளி மறுபடி அடிச்சா அதில் செதில் அளவு மாறி, மூணாவது கலர்.

இதுக்குத் தீர்வுதான் பாண்டிங். பிசின் தூளை மெதுவா சூடாக்கி, லேசா ஒட்டுப் பதம் வந்ததும் செதிலைச் சேர்த்துக் கிளறினா, செதில் பிசின் மணியிலேயே ஒட்டிக்கும். பறக்கும்போது பிரியாது.

பட்டறையில் நல்லா வேலை தெரிஞ்சவர் மெட்டாலிக் அடிக்கிறதைப் பாருங்க. முதலில் எண்ணெய், துரு எடுத்து, பாஸ்பேட் ஏத்துவார். நம்ம ஊர் பாஷையில் செவன் டேங்க். கொக்கியில் ஒட்டின பழைய பவுடரைச் சுரண்டுவார், ஏன்னா எர்த் சரியில்லைன்னா செதில் சீரா படியாது. துப்பாக்கியோட வோல்டேஜைக் குறைப்பார். ஒரே தூரம், ஒரே வேகம். ஒரு ஆர்டர் முழுக்க ஒரே பேட்ச் பவுடர். பொருளைத் தொங்கவிடற திசையைக்கூட மாத்த மாட்டார். எல்லாமே செதிலை ஒழுங்கா படுக்க வைக்கத்தான். பெஸ்ஸெமர் மைக்ராஸ்கோப்பில் பார்த்த அதே விஷயம்.

எதுக்கு எது?

திருவண்ணாமலைக்கே திரும்பினா, எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங் சரிப்படாது என்பதும் அங்கேயே தெரியும். மகாதீபம் ஏத்தற செம்புக் கொப்பரையை ஒவ்வொரு வருஷமும் சீர்செய்து, வர்ணம் பூசி, 2,668 அடி உயர மலை உச்சிக்குக் கொண்டு போறாங்க. தீபம் ஏத்தற உரிமை பர்வதராஜகுலத்தாருக்கு. பதினோரு நாள் நெய் எரியும். அந்தச் சூட்டில் சாதாரண பவுடர் கோட்டிங் கருகிடும். அது 200 டிகிரிப் பக்கம் சுட்டு எடுத்த பிசின்தானே. பொதுவா நெருப்புப் படற இரும்புக்குன்னு சிலிக்கோன் பிசினில் அலுமினியச் செதில் கலந்த பெயிண்ட் இருக்கு. 600 டிகிரி வரை தாங்கும். பிசின் எரிஞ்சு போனாலும் அலுமினியம் இரும்பின் மேல் படிஞ்சு நிக்கும். கொப்பரையில் அழகு நிறத்தில் இல்லை. எரிஞ்சு முடிஞ்சதும் அதிலிருந்து எடுக்கிற மையை ஆருத்ரா தரிசனத்தன்னைக்கு நடராஜருக்குச் சாத்தி, பிரசாதமா தருவாங்க.

உங்க வீட்டுக்கோ, ஊர்க் கோயில் கிரில்லுக்கோ மெட்டாலிக் கோட்டிங் ஆர்டர் பண்றீங்கன்னா மூணு விஷயம் கேளுங்க. ஒண்ணு, இது பாண்டட் பவுடரா? ரெண்டு, மேலே கிளியர் கோட் உண்டா? அலுமினியச் செதில் வெளியே தெரிஞ்சா எலுமிச்சைச் சாறும் சிமென்ட் பாலும் அதைக் கறுக்க வைக்கும். விளக்கு தேய்க்கிற புளியை அதில் போட்டுத் தேய்க்கவே கூடாது. மூணு, சாம்பிள் பிளேட்டை வெயிலில் நேராகவும் சாய்வாகவும் பார்க்கலாமா? டியூப் லைட்டில் பார்த்து முடிவு பண்ணாதீங்க.

நாலாவதா ஒண்ணு, இது பவுடர் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு: உங்க மைக்கா எந்தச் சுரங்கத்திலிருந்து வருது? கடைக்காரருக்குப் பதில் தெரியாது, அவரைக் குத்தம் சொல்லிப் பயனில்லை. ஆனா கம்பெனிக்கு ஒரு மெயில் போடலாம். 2016க்குப் பிறகு நடந்த கொஞ்ச மாற்றமும் வெளியிலிருந்து வந்த அந்தக் கேள்வியால்தான் நடந்துச்சு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.